வாங்கிப் போகாத சான்றிதழ்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து படியிறங்கும்போது ஃபாதர் ஞானாபரணம் என்னைக் கூப்பிட்டார்.

"ஊஞ்சக்காட்டுல வரப்போற ஸ்கூலுக்கு முதல் டீச்சர் நீதான் ஷைலா. மனசுல வெச்சுக்க."

நான் சிரித்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் அடுத்தவரிடம் பேசப் போய்விட்டார்.

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்துவைப்பது என் பழக்கம். பி.எஸ்ஸி. விலங்கியல் வாய்மொழித் தேர்வில், வெளிக்கல்லூரியிலிருந்து வந்தவர் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைக் கேட்டார். எல்லாம் தெரியும். சிரித்தேன். பாதி மதிப்பெண் போட்டார்.

அம்மா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். எங்கள் சர்ச்சுப் பங்கைச் சேர்ந்த இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊருக்கே ஸ்கூல் வருதாமே டீச்சர். பொண்ணுக்கும் வீட்டு வாசல்ல வேலை. ஆண்டவர் கண்ணைத் தொறந்துட்டாரு" என்றார்கள்.

அம்மாவும் சிரித்தாள்.

கருமத்தம்பட்டியில் டவுன் பஸ் ஏறி உட்காரும்வரை அவள் பேசவில்லை. பஸ் அவிநாசி ரோட்டை விட்டு ஊர்ப்பாதையில் திரும்பியதும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"முதல் வருசம் பத்துப் புள்ளைக போகும். எடம் குடுக்கற கிருபாசங்கர் பையன், அவன்கூட வெளையாடற சேர்க்காளிக, தறிக்குடோன் வெச்சிருக்கறவங்க வீட்டுப் புள்ளைக. அடுத்த வருசம் ஒண்ணாவதுக்கு ஆளே வராது. மூணு வருசத்துல இருபதுக்குக் கீழ."

"இருபதுக்குக் கீழ போனா?"

"பூட்டிருவாங்க."

அம்மா அற்புதம், ஊஞ்சக்காடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, நாற்பத்தாறு பிள்ளைகள். பத்தொன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறாள். பக்கத்து ஒன்றியத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் இருந்த ஒரு பள்ளியைப் போன வருடம் பூட்டி, அந்தத் தலைமையாசிரியையை ஆனைமலைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். பள்ளிக் கட்டடத்தில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருப்பதாக அம்மா கேள்விப்பட்டிருந்தாள்.

ஃபாதர் கட்டப்போகும் பள்ளி எங்கள் தெருவிலேயே, அம்மாவின் பள்ளியிலிருந்து இருநூறு அடி தள்ளி. அதிலும் ஒன்றிலிருந்து ஐந்துவரைதான். ஆங்கில வழி, பூட்ஸ், டை. அம்மாவின் பிள்ளைகளை இழுத்துத்தான் அது நிறைய வேண்டும். இழுக்கிற ஆசிரியை நான்.

"ஃபாதர்கிட்ட சொல்லலாம்லம்மா?" என்றேன். அம்மாவிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

"என்னன்னு? சாமி, நீங்க ஸ்கூல் கட்டாதீங்கன்னா? கோயிலுக்குப் போறவ பேசற பேச்சா அது?"

"அப்ப ஊர்ல சொல்லு."

"ஊர்ல நான் வேணும்னாலும் வேண்டாம்னாலும் அது சர்ச்சு சொல்லச் சொன்னதுன்னுதான் ஆகும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது தொண்ணூற்றேழாம் வருடம், ஏப்ரல் மாதத் தொடக்கம்.

எங்கள் ஊரில் விசைத்தறி ஓடாத வீடு குறைவு. பள்ளிக்கு இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் சத்தம் மின்சாரம் இருக்கும்வரை ஓயாது. புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. சொல்வதை அடுத்தவர் காதோடு வாயை வைத்துக் கத்திச் சொல்லுவோம். கூச்சக்காரியான நான்கூடக் காதருகே போனால் கத்துவேன். இரண்டு அடி தள்ளி நிற்பவருக்கு அது கேட்காது. இந்தச் சத்தம் எனக்கு ஒரு திரைச்சீலை மாதிரி. ஊரில் யாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் அதன் பின்னால் நின்று சொல்லலாம்.

மறுநாள் காலை அங்கப்பன் பள்ளிக்கு வந்தார். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். பன்னிரண்டு தறிக்குச் சொந்தக்காரர். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏனுங்க டீச்சர், பத்தொம்பது வருசமா எங்க பசங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தீங்க. ஒரு நாளாச்சும் சிலுவை, ஜெபம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. இப்ப ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நான் என்னங்க பண்ணினேன்?"

"நீங்க சொல்லாம அந்தச் சாமிக்கு எங்க ஊரு தெரியுமுங்களா?"

"அவருக்கு எடம் குடுக்கறேன்னு போனது கிருபாசங்கருங்க."

"அவன் கெடக்கறானுங்க. பொடிப்பய."

அம்மா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பள்ளி வந்தால் முதலில் அழிவது தன்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கட்சியில் சேர்ந்த மாதிரி ஆகும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மாலையில் கிருபாசங்கர் வந்தார். முப்பது வயது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் நான்கு வயது மகன் மிதுன் உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், உங்களுக்குத்தான் முதல்ல தேங்க்ஸ் சொல்லோணும். உங்க சர்ச்சு இல்லீனா நம்ம ஊருக்கு இங்கிலீஷ் மீடியம் வருமுங்களா? கண்ணு, டீச்சருக்குக் குட் ஈவினிங் சொல்லு."

மிதுன் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

இப்படியே மூன்று வாரம் போனது. ஊருக்கு அம்மா கிறித்தவப் பள்ளியைக் கொண்டுவந்தவள். பங்குக்கு அவள் ஆசிர்வதிக்கப்பட்டவள். இரண்டு பேரிடமும் அவள் ஒரே சிரிப்பைச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து நாற்பத்தாறு பெயர்களையும் பார்த்தாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது, ராத்தூக்கமும். சிங்காநல்லூர் மில்லில் வேலை பார்க்கும் அப்பா, "மாத்தலானா நானும் ரிட்டயர்மெண்ட் எழுதிக் குடுத்துட்டு ஆனைமலைக்கு வாரேன், விடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

புதுக் கட்டடத்துக்கு ஊராட்சித் தீர்மானம் வேண்டும். ஊராட்சித் தலைவர் சுந்தரராஜுலு ஏப்ரல் கடைசி வியாழன் மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் பள்ளி வளாகத்திலேயே ஊர்க்கூட்டம் வைத்தார். ஒரு மணி நேரம் தறியை நிறுத்துங்கள் என்று கேட்டுப் பார்த்தார். தறியில் ஓடும் நாடாவை நிறுத்தினால் கூலி நின்றுவிடும் என்று சொல்லி யாரும் சம்மதிக்கவில்லை. ஆளுக்கொரு ஆளைத் தறியில் விட்டுவிட்டு வந்தார்கள். அதனால் கூட்டம் முழுக்கக் கத்தலாக நடந்தது. குரல் பெரிதாக உள்ளவர்களுக்குத்தான் கருத்து இருந்தது.

நானும் அம்மாவும் பெண்களோடு பின்னால் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் சின்னாத்தாள். கிருபாசங்கரின் குடோனில் தறி ஓட்டுகிறவர். அவர் மகள் லோகப்பிரியா அந்த வருடம் ஐந்தாவது முடித்திருந்தாள்.

அங்கப்பன் எழுந்து கத்தினார். "அங்கப் படிக்கற புள்ளைக பூ வெக்கக் கூடாது, பொட்டு வெக்கக் கூடாதும்பாங்க. நம்ம கோயில் நோம்பிக்கு லீவு உடமாட்டாங்க. பத்து வருசம் கழிச்சு நம்ம பசங்களே மாரியாத்தா யாருன்னு கேப்பானுக!"

"மாரியாத்தாளை மறக்கறதுக்குப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? டிவி இருக்குதுங்கல்ல!" என்றார் கிருபாசங்கர். சிரித்தார்கள். "கருமத்தம்பட்டி வேன் வந்து நம்ம புள்ளைகளை அள்ளிட்டுப் போகுது. அங்கயும் சிலுவைதான் இருக்குது. அந்தச் சிலுவை பரவாயில்ல, இந்தச் சிலுவை ஆகாதுங்களா?"

"அது அந்த ஊருடா. இது என்ற ஊரு!"

"எடம் என்றதுங்கண்ணா!"

"எடம் உன்றது. தெரு உங்கப்பன்றதா?"

தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். ஃபாதர் ஞானாபரணம் நாற்காலியில் முன்னால் சாய்ந்து காதில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர்; தறிச் சத்தத்தில் பாதி அவருக்கு எட்டியிருக்காது. எழுந்து ஏதோ சொன்னார். மெதுவாகப் பேசுகிறவர். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்னங்க சொல்றாரு?" என்று சின்னாத்தாள் என் காதில் கத்தினார்.

"யாரையும் மதம் மாத்த மாட்டோங்கறாருங்க."

"மாத்தினா மாத்தட்டும் போ. நம்மளை எவன் சீந்தறான்?" அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இந்தச் சண்டை எனக்கு எதுக்கு அம்மணி? என்ற புள்ள படிப்பு முடிஞ்சுபோச்சு. திங்கக்கிழமையிலிருந்து கிருபாசங்கரு குடோன்ல தார் சுத்தப் போறா."

தார் சுற்றுவது என்றால் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவது. ஊரில் அது சின்னப் பிள்ளைகளின் வேலை.

"ஏனுங்க? நல்லாப் படிக்கற புள்ளைங்க."

"ஆறாவதுக்கு அஞ்சு கல்லு தொலவு போகோணும். பஸ்ஸு இருந்தா இருக்குது, இல்லீனா இல்ல. அந்தப் பெரிய ரோட்டை லாரிக்கு நடுவால தாண்டோணும். பொட்டப்புள்ள. எவ நெஞ்சைக் கல்லாக்கிட்டு அனுப்புவா?"

லோகப்பிரியாவின் மாற்றுச் சான்றிதழை நான்தான் எழுதியிருந்தேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகளுக்கு அம்மா டிசி போடுவாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதுவேன், அவள் ஒப்பமிடுவாள். ஆறாவதில் சேர்க்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். சேர்க்காதவர்கள் வருவதில்லை. அந்த வருடம் பதினொன்று எழுதினேன். நான்குதான் போயிருந்தது. மற்றவை பீரோவில் இருந்தன. எழுதும்போது எனக்கு அது எதுவாகவும் தோன்றவில்லை. சின்னாத்தாள் சொன்னபோதுதான், முன்னால் நடக்கிற சண்டை முழுக்க ஊருக்குத் தேவையே இல்லாத ஒன்றைப் பற்றி என்று தோன்றியது.

அவர் காதருகே குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்திச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நிற்கும்போது சத்தம் மெல்ல அடங்காது. அறுந்து விழும். கூட்டத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்கள். என் குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

"—ஒண்ணாவதுக்கு இன்னொரு ஸ்கூல் எந்தக் கிறுக்கனுக்குங்க வேணும்? இந்த ஊர்ல இல்லாதது ஆறாவதுதானுங்க!"

நூற்றைம்பது தலைகள் திரும்பின. ஃபாதரின் தலையும்.

ஒரு கோழி எங்கோ கொக்கரித்தது. அது கேட்கிற ஊர் எங்களுடையது அல்ல.

"யாரது பேசினது?" என்றார் தலைவர். "டீச்சர் பொண்ணா? எந்திரிச்சுச் சொல்லு அம்மணி."

எழுந்திருக்கவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கிறுக்கன் என்று ஃபாதரைச் சொல்லிவிட்டேன். காது சுட்டது. பூமி பிளக்கும் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை, ஆனால் எதிர்பார்த்தேன்.

பக்கத்தில் அம்மா எழுந்தாள்.

அவளும் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் யாரையும் பார்க்காமல் வகுப்பறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டோடு வெளியே வந்து படியில் நின்றாள். பல வருடத்துக் காகிதம். அடியில் இருந்தவை பழுத்திருந்தன.

"எனக்கு இந்த ஸ்கூலு வேணும்னோ வேண்டாம்னோ சொல்ற யோக்கியதை இல்லீங்க" என்றாள். "வந்தா என்ற பள்ளிக்கூடம் போயிரும். அதனால நான் சொல்றதுல ஞாயம் இருந்தாலும் சுயநலம்னுதான் தோணும். அதனால நான் எதுவும் சொல்லல. இதை மட்டும் படிக்கறேன்."

"அது என்னங்க டீச்சர்?"

"வாங்கிட்டுப் போகாத டிசிங்க."

மேலிருந்து படித்தாள். பெயர், அப்பா பெயர், வருடம். வேறெதுவும் இல்லை. இந்த வருடத்து ஏழு. லோகப்பிரியா என்றதும் சின்னாத்தாள் என் கையைப் பிடித்தார். லோகப்பிரியா என்றதும் சின்னாத்தாள் என் கையைப் பிடித்தார். தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தலை நிமிர்த்தினார்கள். அம்மா படித்த பெயர்களுக்கு உரியவர்களில் பலர் இப்போது தறி ஓட்டுகிறவர்கள்; அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர்" என்று நரசிம்மலு கையைத் தூக்கினார். அவருக்கு இருபத்தேழு வயது, இரண்டு பிள்ளைகள் அம்மாவிடம் படித்தார்கள். "என்றது இருக்குதுங்களா?"

அம்மா கட்டின் அடியில் தேடினாள். "எண்பத்தொண்ணு."

"மார்க்கு போட்டிருக்குதுங்களா?"

"நடத்தை நன்றுன்னு இருக்குது."

"அதை என்ற சம்சாரத்துகிட்டக் கொஞ்சம் காட்டோணுங்க!"

கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டாள். அடுத்த காகிதத்தைப் புரட்டினாள். படிக்க வாயெடுத்தவள் நிறுத்தினாள். அதைக் கட்டின் கீழே சொருகப் போனாள்.

"படிங்க டீச்சர்" என்றார் அங்கப்பன். "அது யாருதுன்னு எனக்குத் தெரியுமுங்க. எண்பத்தாறு."

"சாமியாத்தாள். த/பெ அங்கப்பன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார்.

"கணக்குல கெட்டிங்க அவ."

"நூத்துக்கு நூறுங்க."

"மூணு நாளு அவ சோறு திங்கலீங்க. அந்த ரோட்டைத் தாண்டி உடமாட்டேன்னு சொல்லிப்போட்டனுங்க. லாரி என்ன, எவனாவது கிண்டல் பண்ணினா என்னன்னு எத்தனையோ யோசனை." அவர் ஃபாதரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பேசினார். "அன்னிக்கு இந்தத் தெருவுல எவன் வந்து ஆறாவது தொறந்திருந்தாலும் உட்டிருப்பனுங்க. சிலுவையாவது, பிறையாவது."

கிருபாசங்கருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணா, அதெல்லாஞ் சரிங்க. எல்லாப் புள்ளையும் ஆறாவது போயிட்டாத் தார் யாருங்க சுத்தறது?"

"உங்க மிதுனை வெச்சுச் சுத்துங்க!" என்றார் சின்னாத்தாள்.

கிருபாசங்கரின் குடோனிலேயே வேலை பார்க்கிறவர். தினமும் அவரைச் சின்ன முதலாளி என்று கூப்பிடுகிறவர். தறிச் சத்தத்தில் சொல்லிப் பழகியதைச் சத்தமில்லாத இடத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. கிருபாசங்கர் சிவந்துபோய்க் கடைசியில் தானும் சிரித்தார். "மிசின் வாங்கிக்கறேன் சாமி, ஆளை உடுங்க" என்றார்.

ஃபாதர் எழுந்தார். இப்போது அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணு சொல்லணும். டீச்சரோட பள்ளிக்கூடம் போயிடும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." அவர் அம்மாவைப் பார்த்தார். "ஏன் டீச்சர் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்க சாமி."

அவர் தலையசைத்தார். "ஆயர் அனுமதி தந்தது தொடக்கப்பள்ளிக்கு. ஆறு, ஏழு, எட்டுன்னு மாத்தணும்னா நான் எழுதிக் கேட்கணும். கேட்கிறேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. கிடைக்கலைன்னா தொடக்கப்பள்ளியும் வேண்டாம்னு நானே எழுதிடறேன்."

"பூ வெச்சுட்டு வந்தா வெளிய நிறுத்தக் கூடாதுங்க" என்றார் அங்கப்பன்.

"நிறுத்த மாட்டோம்."

"நோம்பிக்கு மூணு நாளு லீவு."

"லீவு விடாட்டி மட்டும் யாரு வரப்போறா?"

"சிலுவை வேண்டாமுங்க."

ஃபாதர் யோசித்தார். "அது இல்லாம என்னால கட்ட முடியாதுங்க. வாசலுக்கு மேல, சின்னதா ஒண்ணு இருக்கும். அதுக்கு மேல பெருசா வைக்க மாட்டேன்."

அங்கப்பன் பதில் சொல்வதற்குள் மின்சாரம் வந்தது. இரண்டு பக்கமும் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களை மறித்துக் கையெழுத்து வாங்கினார். அங்கப்பன் புத்தகத்தை வாங்கி, தலைவர் எழுதியதை விரல் வைத்துப் படித்தார். ஆறு முதல் எட்டு என்று இருக்கிற வரியில் விரல் நின்றது. கையெழுத்துப் போட்டார். சிலுவையைப் பற்றி என்ன முடிவு செய்தார் என்று கேட்க முடியாத அளவுக்குச் சத்தம் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு ஃபாதர் என்னிடம் வந்தார். குனிந்து, எங்கள் ஊர்க்காரர் மாதிரியே காதருகே கத்தினார்.

"கிறுக்கன் சொல்றேன். ஆறாவது வந்தா சயின்ஸ் எடுப்பியா?"

சிரிப்பு வந்தது. அதை முடித்துவிட்டு, "எனக்கு பி.எட். இல்லைங்க ஃபாதர். தபால்ல படிச்சு முடிக்கிறவரைக்கும் பொறுத்துக்கிட்டா எடுக்கறேன்" என்றேன். முழுதாகச் சொன்னேன். அவருக்குக் கேட்டது.

ஆயரின் கடிதத்துக்குப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் உள்ளே போய்விடுவாள். நான்தான் வாசலில் நிற்பேன். தபால் வராத நாளில் அவள், "வெயில் ஜாஸ்தி" என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

மே நடுவில் ஒரு மத்தியானம் ஃபாதரே ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் எட்டு வரி. தொடக்கப்பள்ளித் திட்டம் கைவிடப்படுகிறது. நடுநிலை வகுப்புகளுக்கு அனுமதி. முதலாம் ஆண்டு ஆறாம் வகுப்பு மட்டும். கட்டடம் ஆகும்வரை கிருபாசங்கர் தருகிற ஷெட்டில் நடத்திக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புவரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியோடு இணக்கமாக நடந்துகொள்ள வேண்டும்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"டீச்சர், எனக்கும் இப்பதான் மூச்சு வருது" என்றார் ஃபாதர். "ஊரை ரெண்டாக்கிட்டுக் கட்டற ஸ்கூல்ல எப்படி நான் ஆசிர்வாதம் பண்றது?"

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். இரண்டாவது டம்ளரும் கொடுத்தாள். அவர் போன பிறகு பள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விடுமுறையில் அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சின்னாத்தாள் வந்தார். மகளையும் கூட்டிவந்திருந்தார். செய்தி குடோன்வரை எட்டியிருந்தது. "டீச்சர் எங்க அம்மணி? இவ டிசியைக் கைல வாங்கிப்போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்" என்று கத்தினார்.

மூவரும் பள்ளிக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, அம்மா அதில் படுத்திருந்தாள். கால் வெளியே தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

சின்னாத்தாள் அவளைத் தொட்டு எழுப்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அப்பறம் வாங்கிக்கலாமுங்க" என்றேன். "அவசரமில்லீங்க."

வாசல்படியில் உட்கார்ந்தோம். லோகப்பிரியா காலால் மண்ணில் கோடு கிழித்தாள். சின்னாத்தாள் முந்தானையில் முடிந்திருந்த வேர்க்கடலையை அவிழ்த்து மூன்று பங்காக வைத்தார். அம்மா எழுந்திருக்க நாலரை மணி ஆனது.